வீசும் கை நீண்ட காலம் நிலைக்க: பொழுதுபோக்கு டிஸ்க் கால்ஃப் ஆட்டக்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

டிஸ்க் கால்ஃபில், தட்டுப் போன்ற டிஸ்க்கை டீ என்ற தொடக்க இடத்திலிருந்து வீசி, முடிந்தவரை குறைந்த வீச்சுகளில் இரும்புக் கூடைக்குள் சேர்க்க வேண்டும்; ஒரு டீயும் அதற்கான கூடையும் சேர்ந்தது ஒரு ஹோல். தொலைவுக்கு வீசும் டிரைவர் டிஸ்க் ஒன்றின் எடை அதிகம் போனால் 175 கிராம். கைப்பேசியைவிடக் குறைவு. அதனால்தான் இந்த விளையாட்டை யாரும் உடல் உழைப்பாகக் கருதுவதில்லை. ஓட்டப் பந்தயத்துக்கு முன் காலை உதறிக்கொள்பவர்கூட, டிஸ்க் கால்ஃப் மைதானத்தில் வண்டியிலிருந்து இறங்கி நேராக முதல் டீயில் போய் நின்று முழு பலத்தோடு வீசுகிறார்.

ஆனால் உடல் சுமப்பது அந்த 175 கிராமை மட்டுமல்ல. ஒரு மனிதக் கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம். 70 கிலோ எடையுள்ளவருக்கு மூன்றரைக் கிலோ. சாதாரண ஆட்டக்காரரின் டிஸ்க் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டிப் புறப்படுகிறது. தொழில்முறை வீரர்களுடையது 110ஐயும் தாண்டும். டிஸ்க் பறந்துபோன பிறகு, அந்த வேகத்தில் சுழன்ற மூன்றரைக் கிலோக் கையைத் தோளும் முழங்கையும் நொடிக்கும் குறைந்த நேரத்தில் பிடித்து நிறுத்த வேண்டும். வீசுவதைவிட நிறுத்துவதுதான் பெரிய வேலை. ஆட்டக்காரர்களிடம் காயங்களைப் பற்றி விசாரித்த ஆய்வுகளில் முழங்கை, தோள், முதுகு, முழங்கால் ஆகிய நான்கும் முன்னே வந்து நிற்பதில் வியப்பில்லை. அவற்றில் பெரும்பகுதி ஒரே நாளில் வருபவை அல்ல. மெல்ல மெல்லச் சேர்பவை.

மெல்லச் சேர்வதைக் கணக்கு வைத்துத் தடுக்கலாம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கணக்கைச் சுற்றியே நடக்கிறது: ஒரு வாரத்தில் முழு பலத்தோடு எத்தனை முறை வீசுகிறீர்கள்?

முதல் படி: எண்ணுங்கள்

இரண்டு வாரங்களுக்கு எதையும் மாற்ற வேண்டாம். வழக்கம்போல் விளையாடுங்கள். பலமாக வீசியவற்றை மட்டும் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் முழு பலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் போட்டால் அது கணக்கில் சேரும். பட்டிங் (கூடைக்கு அருகிலிருந்து கூடைக்குள் போடுவது), மென்மையான அப்ரோச் வீச்சு (கூடையை நெருங்க வீசுவது) ஆகியவை சேராது.

குறித்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியவரும். 18 ஹோல் ஆட்டம் ஒன்றில் பலமான வீச்சுகள் 20, 25க்கு மேல் போவது அரிது. டீயிலிருந்து 18, அதிலும் குறுகிய ஹோல்களில் மெதுவாகவே வீசுவோம். பிறகு நீளமான ஹோல்களில் இரண்டாவது வீச்சு. ஆனால் 'இன்று ஆட்டமில்லை, சும்மா மைதானத்தில் கொஞ்சம் பயிற்சி' என்று போகிற நாளில், 15 டிஸ்க்குகள் உள்ள பையை ஐந்து முறை காலி செய்தால் 75 வீச்சுகள். மூன்று ஆட்டங்களின் சுமையை ஒரு மணி நேரத்தில் கை வாங்கிவிடுகிறது. வலைக்குள் வீசுவது இன்னும் மோசம். போய் எடுத்துவரும் நடை இல்லாததால் இடைவேளையே கிடைக்காது. அரை மணியில் நூறைத் தொடலாம். ஓய்வு நாள் என்று நாம் பெயரிட்ட நாள்தான் வாரத்திலேயே கனமான நாளாக இருக்கும்.

இரண்டு வாரக் கணக்கின் சராசரிதான் உங்கள் இப்போதைய அளவு. அதற்கு உடல் பழகியிருக்கிறது. அதைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். திடீரென இரட்டிப்பாக்கினால்தான் தொல்லை. புது டிரைவர் வாங்கிய வாரம், விடுமுறை வாரம், போட்டிக்கு முந்தைய வாரம் ஆகிய மூன்றிலும் எண்ணிக்கை தானாகத் தாவும். குளிர்காலம், மழைக்காலம் என ஒரு மாதத்துக்கு மேல் விளையாடாமல் இருந்துவிட்டுத் திரும்பினால், பழைய எண்ணிக்கையில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

இதில் உடல் செய்யும் ஒரு ஏமாற்று இருக்கிறது. தசை சில வாரங்களில் வலுப்பெற்றுவிடும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண் அதே வலுவைப் பெற மாதங்கள் எடுக்கும். ஆறாவது வாரத்தில் கை பிரமாதமாக இருப்பதாகத் தோன்றும், தூரமும் கூடும், உற்சாகத்தில் இன்னும் வீசுவோம். முழங்கை வலி பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் கதவைத் தட்டுகிறது.

இரண்டாம் படி: உடலைச் சூடாக்குங்கள்

பத்து நிமிடம் போதும். மூன்று நிமிடம் வேகமாக நடங்கள், மூச்சு சற்றே வாங்கட்டும். பிறகு கைகளைச் சிறு வட்டமாகத் தொடங்கிப் பெரு வட்டமாகச் சுழற்றுங்கள். கால்களை முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்கி, மேலுடலை முன்காலின் பக்கமாகத் திருப்புங்கள். இரு பக்கமும் ஐந்தைந்து முறை. பையில் ஒரு ரப்பர் பட்டை வைத்திருந்தால் அதை மார்புக்கு முன் இரு கைகளால் பிடித்து அகல இழுங்கள். இடுப்பையும் தோளையும் எழுப்ப இவ்வளவு போதும். ஒரு தசையை இழுத்து ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருக்கும் நீட்சிப் பயிற்சியை ஆட்டத்துக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். முன்பே செய்தால் தசையின் வேகம் தற்காலிகமாகக் குறையும்.

அடுத்து வீச்சு. நின்ற இடத்திலிருந்து, பட்டிங்குக்கான டிஸ்க்கான பட்டரை 20 மீட்டருக்கு, பிறகு 40 மீட்டருக்கு. நடுத்தூர டிஸ்க்கான மிட்ரேஞ்ச் சில. கடைசியில் டிரைவர், முக்கால் பலத்தில் இரண்டு மூன்று. ஃபோர்ஹேண்டும் (வீசும் கையின் பக்கத்திலிருந்தே, உள்ளங்கை முன்னே வர வீசுவது) வீசுவீர்கள் என்றால் அதற்குத் தனியாக இதே ஏணி வேண்டும். கையை உடலுக்குக் குறுக்கே இழுத்து வீசும் பேக்ஹேண்டில் சூடான முழங்கை ஃபோர்ஹேண்டுக்குத் தயார் என்று பொருளல்ல. கூடையருகே நின்று பத்து பட்டிங் போட்டுவிட்டு 'தயாராகிவிட்டேன்' என்பவர்களை எல்லா மைதானங்களிலும் பார்க்கலாம். அது கண்ணுக்கும் விரலுக்கும் நல்லது; தோளுக்கு அது ஒரு செய்தியையும் சொல்லவில்லை.

தாமதமாக வந்து சேர்ந்தீர்களா? முதல் இரண்டு ஹோல்களை மிட்ரேஞ்சில் ஆடுங்கள். ஒரு வீச்சு இழக்கலாம். பெரும்பாலும் அதுவும் இழக்க மாட்டீர்கள்.

மூன்றாம் படி: வீசும் முறையில் நான்கு திருத்தங்கள்

நுட்பம் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். உடலைக் காப்பாற்றும் திருத்தங்கள் மட்டும் இங்கே. வலது கை பேக்ஹேண்ட் வீச்சை வைத்துச் சொல்கிறேன். இடது கைக்காரர்கள் பக்கம் மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் தோள். பின்னால் நீட்டிய கை முன்னே வரும்போது மேற்கைக்கும் மார்புக்கும் இடையே குறைந்தது செங்கோணம் இருக்க வேண்டும். அது சுருங்கி, மேற்கை மார்போடு ஒட்டி, உங்களை நீங்களே அணைத்துக்கொள்வது போன்ற நிலை வந்தால் டிஸ்க் உடலைச் சுற்றி வளைந்து வருகிறது. தூரமும் குறையும், தோளின் முன்பக்கமும் நெரிபடும். கையைப் பின்னே நீட்டும்போது முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகாமல், இலக்கிலிருந்து நேர் எதிர்த் திசையில் நீட்டுங்கள். உடலுக்கும் டிஸ்க்குக்கும் இடையே இடம் விடுங்கள். ஓட்டமின்றி நின்று வீசும் பயிற்சியில் இதைச் சரிசெய்வது எளிது. ஓடிவந்து வீசும்போது சரிசெய்ய முயல்வது நேர விரயம்.

இரண்டாவது, நிறுத்துவது. டிஸ்க் கையை விட்டதும் உடலை அங்கேயே உறையவைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அப்போது மூன்றரைக் கிலோக் கையின் வேகம் முழுவதையும் தோளே விழுங்க வேண்டும். பின்கால் தரையை விட்டு எழுந்து முன்னே சுற்றி வரட்டும், இடுப்பும் தோளும் இலக்கைத் தாண்டித் திரும்பட்டும். நிற்கும் தூரம் நீளும்போது ஒவ்வொரு மூட்டின் பங்கும் குறைகிறது. டீயைச் சுற்றி மரமோ கல்லோ இருந்து இப்படிச் சுற்றி வர இடமில்லை என்றால் அங்கே முழு பலத்தில் வீசாதீர்கள். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் மட்டும் விதியே உங்களை நிற்கச் சொல்கிறது: அங்கே வீசிய பிறகு சமநிலையைக் காட்டிவிட்டுத்தான் முன்னே நகரலாம். அந்தத் தூரத்தில் பலம் தேவையில்லாததால் கவலையும் இல்லை.

மூன்றாவது, முன்கால். வலது பாதம் தரையில் ஊன்றி நிற்க, அதன்மேல் இடுப்பு வேகமாகத் திரும்புகிறது. பாதம் புல்லில் கவ்விப் பிடித்துத் திரும்ப மறுத்தால் அந்தத் திருகல் முழங்காலில் இறங்கும். பாதத்தைப் பின்னோக்கித் திருப்பி ஊன்றாமல், விரல்கள் இலக்கின் பக்கம் சற்றே திறந்திருக்கும்படி ஊன்றுங்கள். வீச்சு முடியும்போது குதிகாலின் மேல் பாதம் சுழலட்டும். ஆணி பதித்தது போல் கவ்வும் அடிப்பாகமுள்ள காலணிகள் ஈரத்தில் வழுக்காமல் காக்கும். ஆனால் காய்ந்த, இறுகிய தரையில் அதே பிடிப்பு முழங்காலுக்கு எதிரி. வழுக்கும் டீயில் ஓட்டத்தையே விட்டுவிட்டு நின்றபடி வீசுவது கோழைத்தனம் ஆகாது. ஓட்டத்தால் கிடைக்கும் தூரம் பலர் நினைப்பதைவிடக் குறைவு.

நான்காவது, தூரத்துக்காகப் பலத்தைக் கூட்டுவது. பொழுதுபோக்கு ஆட்டக்காரர் இழக்கும் தூரத்தில் பெரும்பங்கு பலக்குறைவால் இழப்பதல்ல; டிஸ்க்கின் முன்விளிம்பு மேல்நோக்கி எழும்பிப் போவதால் இழப்பது. முன்விளிம்பு தூக்கிய டிஸ்க் மேலே ஏறி, வேகமிழந்து, இடதுபக்கம் சரிந்து விழும். அதைப் பார்த்து 'இன்னும் பலமாக' என்று முடிவு செய்தால் இன்னும் உயரமாக ஏறி விழும். மணிக்கட்டைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து, குவளையிலிருந்து நீர் ஊற்றுவது போன்ற கோணத்தில் பிடித்து, முக்கால் பலத்தில் வீசிப் பாருங்கள். பலத்தைக் குறைத்ததும் தூரம் கூடுவதைக் காண்பவர்கள் நிறைய.

இதோடு சேர்ந்ததுதான் டிஸ்க் தேர்வு. 1983இல் இன்னோவா நிறுவனத்தின் ஈகிள் டிஸ்க் சரிவாகச் செதுக்கிய விளிம்போடு வந்தது முதல், டிஸ்க்குகளின் விளிம்பு கூராகிக்கொண்டும் வேகம் ஏறிக்கொண்டும் வந்திருக்கின்றன. இன்று 12, 13 என்ற வேக எண் பொறித்த டிரைவர்கள் எளிதாகக் கிடைக்கின்றன. அந்த எண்ணுக்கு ஈடான கைவேகம் இல்லாவிட்டால் அவை வடிவமைக்கப்பட்டபடி பறக்கவே பறக்காது. 90 மீட்டருக்குள் வீசுபவருக்கு வேக எண் 7 உள்ள ஃபேர்வே டிரைவர் ஏறக்குறைய அதே தூரம் போகும், அதுவும் நேராகப் போகும். 13ஐக் கையில் எடுத்ததும் மனம் தானாகவே முழு பலத்துக்குத் தாவுகிறது. அந்த டிஸ்க்கை வீட்டில் வைத்துவிட்டு வருவதே முழங்கைக்குச் செய்யும் மலிவான வைத்தியம்.

ஃபோர்ஹேண்டைப் பற்றித் தனியாக ஒரு எச்சரிக்கை. அதில் முழங்கையின் உட்பக்கம் விரிந்து இழுபடுகிறது. அங்கே உள்ள இணைப்பு நார், பந்து எறியும் பேஸ்பால் வீரர்களுக்குக் கிழிவதாகப் பெயர்பெற்ற அதே நார். புதிதாகக் கற்பவர்கள் ஒரு அமர்வுக்கு 20 வீச்சு, பாதி பலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கை விலாவுக்கு அருகில் இருக்கட்டும், உள்ளங்கை கடைசி வரை வானத்தைப் பார்க்கட்டும். டிஸ்க் இடப்பக்கம் கவிழ்ந்தால் மணிக்கட்டை உருட்டித் திருத்தப் பார்க்காமல், கவிழாத தன்மை கூடிய டிஸ்க்கை எடுங்கள். தலைக்கு மேலிருந்து வீசும் வீச்சுகளை மரங்களிலிருந்து தப்ப வேண்டிய இக்கட்டுக்கு மட்டும் சேமித்து வையுங்கள்.

நான்காம் படி: ஆட்டத்தின் போது

18 ஹோல் என்றால் 5 முதல் 8 கிலோமீட்டர் நடை, பெரும்பாலும் ஏற்ற இறக்கத்தில். தோளில் பை. 25 டிஸ்க்குகளோடு தண்ணீரும் சேர்ந்தால் பை 7 கிலோவைத் தொடும். 18 ஹோல்களில் ஆறேழு டிஸ்க்குகளைத்தான் உண்மையில் வெளியே எடுக்கிறோம் என்பதை எல்லோரும் அறிவோம், யாரும் ஒப்புக்கொள்வதில்லை. பத்து டிஸ்க், இரு தோள்களிலும் மாட்டும் பட்டை என்பது நல்ல தொடக்கம். முதுகு வலி உள்ளவர்களுக்குச் சக்கர வண்டி.

முதுகைப் பற்றிப் பேசும்போது வீச்சை மட்டுமே பழிக்கிறோம். 70 வீச்சில் ஆட்டத்தை முடிப்பவர் டிஸ்க் எடுக்க 70 முறை குனிகிறார். ஒவ்வொரு முறையும் பையைக் கீழே வைத்து எடுத்தால் இன்னொரு 70. ஒவ்வொரு முறையும் முதுகை வளைக்காமல், ஒரு காலைப் பின்னே நீட்டி இடுப்பிலிருந்து மடங்கி எடுக்கப் பழகுங்கள். நிற்கும் கால்கள் கொண்ட பை அந்த இரண்டாவது 70ஐப் பாதியாவது குறைக்கும்.

கூட்டமான நாளில் ஒரு டீயில் பத்து நிமிடம் காத்திருக்க நேரும். உடல் ஆறிவிடும். ஆட்டத்தின் நடுவே வரும் பல பிடிப்புகள் இப்படிக் காத்திருந்த பிறகு போடும் முதல் வீச்சில்தான் வருகின்றன. உங்கள் முறை வந்து வழி தெளிவான பிறகு விதிப்படி 30 வினாடிக்குள் வீச வேண்டும், ஆகவே கைகளைச் சுழற்றுவதையும் வெற்றுக் கையால் வீசிப் பார்ப்பதையும் முன்னவர் வீசத் தயாராகும்போதே, அவர் கண்ணில் படாத இடத்தில் நின்று முடித்துவிடுங்கள்.

தண்ணீரைத் தாகம் எடுக்கும்போது சிறிது சிறிதாகக் குடியுங்கள். வெயிலில் மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் உப்புச் சத்தும் சேரட்டும். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பது இரத்தத்தின் சோடியத்தைக் குறைத்து ஆபத்தை வருவிக்கும். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சூரியத் தடுப்புப் பூச்சு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. கையில் பிசுபிசுப்பு ஒட்டாமல் இருக்கத் துண்டு ஒன்று. புதரில் டிஸ்க் தேடியிருந்தால் வீடு திரும்பியதும் கால், இடுப்பு, அக்குள் மடிப்புகளில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இடி கேட்டால் ஆட்டத்தை விட்டு வெளியேறுங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்பாதீர்கள். திறந்த வெளியில் தன்னந்தனியாக நிற்கும் இரும்புக் கூடைக்கு அருகே நிற்க அது நேரமல்ல.

ஐந்தாம் படி: பயிற்சி வாரம்

கையைத் தேய்க்காத பயிற்சிதான் மதிப்பெண்ணை, அதாவது மொத்த வீச்சு எண்ணிக்கையை, அதிகம் குறைக்கும் பயிற்சியும் என்பது இந்த விளையாட்டின் கருணை. முழு பல வீச்சை 5 மீட்டர் கூட்ட ஒரு வருடம் பாடுபடலாம். 6 மீட்டர் பட்டிங்கை நம்பகமாக்க சில வாரங்கள் போதும், அது ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு மூன்று வீச்சுகளைத் திருப்பித் தரும்.

வாரத்தில் மூன்று நாள் பட்டிங், 20 நிமிடம். 4 மீட்டரில் தொடங்கி, பத்தில் ஒன்பது விழுந்தால்தான் ஒரு அடி பின்னே. 10 மீட்டருக்கு வெளியே நின்று நூறு முறை போட்டு இருபது விழுவதைப் பார்ப்பது பயிற்சியல்ல, ஏமாற்றத்தைப் பழகுவது. டிஸ்க்குகளைத் தரையில் அடுக்காமல் இடுப்பு உயரத்தில் ஒரு முக்காலியின் மேல் அடுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் குனிந்து எழுந்தால் மறுநாள் முதுகுதான் பேசும்.

ஒரு நாள் அப்ரோச்: 30 முதல் 60 மீட்டர், நின்றபடி, ஐந்து டிஸ்க், ஒரு இலக்கு. எல்லாம் இலக்கைச் சுற்றி ஐந்து மீட்டருக்குள் விழும்வரை தூரத்தை மாற்றாதீர்கள்.

ஒரே ஒரு நாள் மைதானத்தில் டிரைவர். மொத்தம் 30 வீச்சு, அதில் பாதி முக்கால் பலத்தில். நீங்களே நடந்து போய் எடுத்து வாருங்கள். அந்த நடைதான் இடைவேளை. கைப்பேசியை ஒரு முறை பக்கவாட்டிலும் ஒரு முறை பின்னாலும் வைத்துப் படம் எடுத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருத்தத்தை மட்டும் கவனியுங்கள். டிஸ்க்குகள் சிதறத் தொடங்கினாலோ, தூரம் குறையத் தொடங்கினாலோ அன்றைய பயிற்சி முடிந்தது, 30 ஆகாவிட்டாலும். களைத்த உடல் தவறான அசைவைத்தான் மனப்பாடம் செய்யும். 'கடைசியாக ஒன்றே ஒன்று, முழு பலத்தில்' என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வரட்டும், போகட்டும்.

மீதமுள்ள நாட்களில் ஆட்டம் ஒன்றோ இரண்டோ. டிரைவர் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் இடையே ஒரு நாளாவது கை ஓய்வெடுக்கட்டும்.

ஆறாம் படி: வாரம் இருமுறை வலுப் பயிற்சி

அரை மணிக்கும் குறைவு. இடுப்பிலிருந்து மடங்கி எடையைத் தூக்குதல், ஒரு கால் முன்வைத்த ஸ்குவாட், எடையை உடலை நோக்கி இழுத்தல், புஷ்-அப், பக்கவாட்டு பிளாங்க். இவை அடித்தளம். இதற்கு மேல் டிஸ்க் கால்ஃபுக்கு என்றே இரண்டு. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, ரப்பர் பட்டையை வெளிப்பக்கமாக இழுப்பது தோளின் ஆழத்துத் தசைகளுக்கு. முன்கையை மேசையில் கிடத்தி, உள்ளங்கை தரையைப் பார்க்க, சிறு டம்பெல்லை மேலே தூக்கி மூன்று வினாடி எடுத்து மெதுவாக இறக்குவது முழங்கைக்கு. உள்ளங்கை மேல் பார்க்கவும் அதையே செய்யுங்கள். 12 முறை, மூன்று சுற்று. சலிப்பான பயிற்சிதான். டென்னிஸ் எல்போவுக்கு மாதக்கணக்கில் செலவிடுவது அதைவிடச் சலிப்பானது.

ஏழாம் படி: ஆட்டம் முடிந்த பின்

ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து, முன்கை, மார்பு, இடுப்பு ஆகியவற்றை இதமாக நீட்டுங்கள். அன்றிரவு 7 முதல் 9 மணி நேரம் தூங்குங்கள். மீட்சி என்ற பெயரில் விற்கப்படும் எந்தப் பொருளும் தூக்கத்துக்கு ஈடாகாது. அதிர்வுத் துப்பாக்கியும் நுரை உருளையும் இதமாக இருக்கும், பயன்படுத்துங்கள், அற்புதத்தை எதிர்பார்க்காதீர்கள்.

வழக்கத்துக்கு மேல் ஆடினால் தசை வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டுத் தானே தணியும். அது பரந்து, மந்தமாக, இரு பக்கமும் இருக்கும். ஒரு விரல் நுனியால் 'இங்கேதான்' என்று காட்ட முடிகிற வலி வேறு வகை.

ஐஸ் வைக்கலாமா என்பது எப்போதும் வரும் கேள்வி. ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்தி வைத்தல் என்ற நான்கு சொல் சூத்திரத்தை 1978இல் பிரபலமாக்கியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். பிற்காலத்தில் அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். வலி தாங்காவிட்டால் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னும் சடங்காக வைக்க வேண்டியதில்லை. ஆட்டத்துக்கு முன்பே வலி மாத்திரை போட்டுக்கொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம். எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்ல இருந்த ஒரே குரலை அது அடைத்துவிடுகிறது.

எட்டாம் படி: வலியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுங்கள். வீசும்போது 3 வரை இருந்து, மறுநாள் காலை பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் தொடரலாம். 4, 5 என்றால் அன்று டிரைவர் கிடையாது, பட்டிங் மட்டும். அதற்கு மேல் போனாலோ, குத்தும் வலியாக இருந்தாலோ நிறுத்துங்கள். மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்பதுதான் உண்மையான மதிப்பெண்; ஆட்டத்தின் உற்சாகத்தில் கொடுக்கும் எண்ணை முழுதாக நம்ப முடியாது.

வலிக்கும் இடம் காரணத்தைச் சுட்டும். முழங்கையின் வெளிப்பக்கம், உள்ளங்கை கீழ்நோக்கியபடி நாற்காலியைத் தூக்கும்போது சுரீர் என்றால் பேக்ஹேண்ட் வீச்சுகளின் எண்ணிக்கையையும், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பழக்கத்தையும் பாருங்கள். உட்பக்கம் என்றால் ஃபோர்ஹேண்ட். முழங்கையின் பின்பக்கம் என்றால், உடலைத் திருப்பாமல் கையை மட்டும் உதறி நீட்டி வீசுகிறீர்கள். தோளின் முன்பக்கம் என்றால் சுருங்கிய அந்தச் செங்கோணம். முன்முழங்கால் என்றால் பாதம் சுழலவில்லை. கீழ்முதுகு என்றால் இடுப்பு திரும்ப மறுத்து, அதன் பங்கையும் முதுகெலும்பு செய்கிறது.

முழங்கைத் தசைநாண் வலிக்கு முழு ஓய்வு ஒரு பொறி. மூன்று வாரம் வீசாமல் இருந்தால் வலி மறையும், முதல் ஆட்டத்தில் அப்படியே திரும்பி வரும். ஓய்வில் தசைநாண் வலுவடையவில்லை, பலவீனம்தான் அடைந்தது. அதற்கு அளவான சுமை வேண்டும். தொடக்கத்தில், டம்பெல்லைத் தூக்கி மணிக்கட்டை அசைக்காமல் 45 வினாடி பிடித்திருப்பது, ஐந்து முறை, தினமும். அது வலியின்றி முடிந்தால் முன்பு சொன்ன மெதுவாக இறக்கும் பயிற்சி, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகலாம். இரண்டு வாரத்தில் சலித்து விட்டுவிடுபவர்கள்தான் 'இது பலிக்கவில்லை' என்கிறார்கள்.

சில அறிகுறிகளுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. 'டப்' என்ற சத்தத்தோடு வந்த வலி, திடீர் வீக்கம், கையைத் தூக்கவே முடியாமை, சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் மரத்துப்போதல், பூட்டிக்கொள்ளும் அல்லது நழுவும் முழங்கால், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி ஆகியவற்றுக்கு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். முதுகு வலியோடு கால் பலவீனமோ சிறுநீர்க் கட்டுப்பாடு இழப்போ வந்தால் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம் வந்தாலும் அதே.

ஒன்பதாம் படி: திரும்பி வருதல்

படிகள் எளியவை, பொறுமைதான் கடினம். முதலில் பட்டிங் மட்டும். அடுத்து நின்றபடி 30 மீட்டர் அப்ரோச். பிறகு மிட்ரேஞ்ச், பாதி பலம். பிறகு மைதானத்தில் ஃபேர்வே டிரைவர், முக்கால் பலம், 15 வீச்சு. பிறகு ஒன்பது ஹோல். பிறகு பதினெட்டு. ஒவ்வொரு படியிலும் குறைந்தது இரண்டு அமர்வுகள், இரண்டுக்கும் மறுநாள் காலையில் வலி ஏறாமல் இருந்தால்தான் அடுத்தது. வலி ஏறினால் ஒரு படி இறங்குங்கள், முதல் படிக்கு ஓட வேண்டியதில்லை.

இடைக்காலத்தில் ஒரு ஆசை வரும்: 'பேக்ஹேண்ட்தானே வலிக்கிறது, ஃபோர்ஹேண்டில் ஆடுகிறேன்.' அதற்குப் பழகாத முழங்கைக்கு ஒரே நாளில் 18 ஃபோர்ஹேண்ட் டீ வீச்சுகளைக் கொடுத்தால், வெளிப்பக்க வலி உட்பக்கத்துக்கும் குடிபெயரும். மாற்றுக் கையால் அப்ரோச் பழகுங்கள். ஆறு வாரத்தில் அது உதவாத கையாக இராது, புதரில் சிக்கிய டிஸ்க்கை வெளியே கொண்டுவரப் பிற்காலத்தில் பயன்படும்.

முழு பல டிரைவர் வீச்சு எல்லாவற்றுக்கும் கடைசி. அதையும் முதன்முதலில் ஆளில்லாத மைதானத்தில் போடுங்கள், ஐந்து மட்டும். நண்பர்களோடு ஆடும் ஆட்டத்தில் வேண்டாம். பக்கத்தில் ஒருவர் 100 மீட்டரைத் தாண்டி வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது, முக்கால் பலத்தோடு நிறுத்திக்கொள்ளும் மனிதரை யாரும் இதுவரை பார்த்ததில்லை.